வானிலை படிக்க நினைக்கும் மகளும், தயங்கும் அப்பாவும்

அண்ணே,

போன வாரம் நீங்களும் பாப்பாவும் பாம்பனிலிருந்து வந்துபோனதிலிருந்து உங்கள் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "செயற்கைக்கோளை வைத்துக் கடல் காற்றைப் பார்க்கிற வேலையாம். காற்றே கண்ணுக்குத் தெரியாது, அதை வானத்திலிருந்து எப்படிப் பார்ப்பார்கள்? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். அன்று ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை உங்களிடமே இருக்கிறது. கரையில் நின்று, தூரத்துத் தண்ணீரில் ஒரு சிலிர்ப்பு ஓடுவதைப் பார்த்தே "கச்சான் காற்று ஏறுது" என்று சொல்லிவிடுவீர்கள் இல்லையா? செயற்கைக்கோளும் அதைத்தான் பார்க்கிறது. 700 கி.மீ.க்கு மேல் உயரத்திலிருந்து கடலுக்கு ரேடார் அலையை அனுப்புகிறது. காற்று கூடினால் நீர்மேல் சில செ.மீ. நீளமே உள்ள சிற்றலைகள் கூடும்; திரும்பி வரும் அலையின் வலுவும் கூடும். ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்ப்பதால் திசையையும் கணக்கிடலாம். இந்தக் கருவியின் பெயர் ஸ்கேட்டரோமீட்டர். நம் நாடு 2009இல் ஓஷன்சாட்-2, 2016இல் ஸ்கேட்சாட்-1, 2022இல் ஓஷன்சாட்-3 ஆகியவற்றில் இதை வைத்து அனுப்பியது.

சரி, கருவியே அளந்துவிட்டால் மனிதர் எதற்கு? பாப்பா நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அந்த அளவு பல நேரம் தவறும். கனமழை பெய்யும் இடத்தில் மழைத்துளியும் ரேடார் அலையைச் சிதறடிப்பதால், இல்லாத காற்றை இருப்பதாகக் காட்டும். ஒரே அளவீடு ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளுக்குப் பொருந்தும். வடக்கிலிருந்து வாடை அடிக்கும்போது, தெற்கிலிருந்து அடிக்கும் சோழகம் என்று படத்தில் வந்துவிடலாம். ஒரு செயற்கைக்கோள் ஒரே இடத்தைத் தாண்டுவது நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான். அப்புறம் நம் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று. ஒவ்வொரு அளவீடும் ஏறத்தாழ 25 கி.மீ. அகலமுள்ள கட்டத்துக்கானது. அதற்குள் கொஞ்சம் நிலம் விழுந்தாலும் கணக்கு கெட்டுப்போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பதே சுமார் 30 கி.மீ. கடல்தான். அங்கே இந்தப் படத்தை நம்பி எச்சரிக்கை எழுத முடியாது. மன்னார் வளைகுடாவில் தெற்கே போகப்போக நம்பலாம்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வலுவிழந்து, நம் கரைக்குப் பக்கத்தில் நகராமல் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. அப்படிப்பட்ட நாளில் எந்த அளவை ஏற்பது, எதைத் தள்ளுவது, கடலில் மிதக்கும் அளவீட்டு மிதவையும் கப்பலும் பாம்பன் வானிலை நிலையமும் சொல்வதோடு எப்படி ஒப்பிடுவது என்பதுதான் பயிற்சி. கடலுக்குப் போக உங்களுக்கு அனுமதி டோக்கன் கிடைக்குமா கிடைக்காதா என்பது இப்படி ஒருவர் எடுக்கும் முடிவில் தொடங்குகிறது. அந்த நாற்காலியில் கடற்கரைப் பிள்ளை ஒருத்தி உட்கார வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இந்தப் பயிற்சி பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். வானிலைத் துறைக்குப் புனேயில் பயிற்சி நிலையம் இருக்கிறது. கடல் சார்ந்த பயிற்சிக்கு ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இருக்கிறது. ஆகவே "சாட்டிலைட் கோர்ஸ், உடனே வேலை" என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே பாடம் நடத்துகிறது.

பாப்பா பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. முதல் வகுப்பு மதிப்பெண் கட்டாயம் வேண்டும். வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் தேர்வுக்கு அது தகுதி. ஆனால் அந்தத் தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை. 2017க்குப் பிறகு 2022இல்தான் அறிவிப்பு வந்தது. அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார வைக்காதீர்கள். எம்.எஸ்சி. படிக்கட்டும். கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் வானிலையியல் இருக்கிறது. பக்கத்தில் தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை உண்டு. அங்கே சேர்வதானால் பாடத்திட்டத்தை முதலில் வாங்கிப் பாருங்கள். கடல் உயிரியல் அதிகமாக இருந்தால் இவள் போக நினைக்கும் வழிக்கு உதவாது. கூடவே பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைப் பழகட்டும். வானிலைத் துறை அமையாவிட்டாலும் காற்றாலை, துறைமுகம் போன்ற இடங்களில் காற்றுக் கணக்குத் தெரிந்தவருக்கு வேலை உண்டு.

இரவுப் பணி இருக்கும், வெளிமாநிலம் போக நேரும். அதை மறைக்க மாட்டேன். அண்ணி கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் நீங்கள் இருட்டில் கடலுக்குப் போனபோது அவர்கள் பட்ட கவலையைவிட இது குறைவு என்று அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன், உங்கள் இருவருக்கும். நீங்கள் விசைப்படகில் தெற்கே போகும் நாளெல்லாம் ஜிபிஎஸ் காட்டும் இடம், மணி, அடித்த காற்று, அதன் வேகம் பற்றிய உங்கள் கணிப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள். இஸ்ரோவின் மாஸ்டாக் தளத்தில் பதிவு செய்தால் செயற்கைக்கோள் காற்றளவுகள் இலவசமாகக் கிடைக்கும். பாப்பா அன்றைய அளவை எடுத்துப் பக்கத்திலேயே எழுதட்டும். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே மழை பெய்ததா, கரை பக்கத்தில் இருந்ததா என்று அவளே காரணம் தேடட்டும். இரண்டு மாதம் எழுதிய பிறகு அந்த நோட்டோடு வாருங்கள், மேற்படிப்பு விண்ணப்பத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.