ஜெயித்த டெண்டரில்தான் நஷ்டம் வருகிறது, ஏன்?

கேள்வி: ஸ்டீல் பர்னிச்சர் பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளிகளுக்கான டெஸ்க்-பெஞ்ச் டெண்டர்களில் கலந்துகொள்கிறேன். லாபம் வைத்துப் போட்டால் குறைந்த விலை வரிசையில் மூன்றாவது, நான்காவதாக (எல்3, எல்4) போய்விடுகிறேன். கிடைத்த இரண்டு ஆர்டரிலும் கையைக் கடித்தது. அடுத்த டெண்டருக்கு ஆறேழு பேர் வருவார்கள் என்கிறார்கள். எவ்வளவு ரேட் போடுவது?

பதில்: கிடைத்த ஆர்டரில் மட்டும் நஷ்டம் வருவதற்கு உங்கள் ராசி காரணமில்லை. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த பெரிய கம்பெனிகளுக்கும் இதேதான் நடந்தது. அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் கம்பெனியின் பொறியாளர்கள் மூவர் 1971-ல் இதை விளக்கினார்கள். பொருளாதாரத்தில் இதற்கு 'வென்றவரின் சாபம்' என்று பெயர். இந்த வகை ஏலங்களை ஆராய்ந்த ராபர்ட் வில்சனுக்கும் பால் மில்க்ரோமுக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் பட்டறைக் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு டெஸ்க்கின் உண்மையான அடக்கம் எல்லோருக்குமே 4,500 ரூபாய் என்று வையுங்கள். ஆனால் சப்ளை செய்யும் மாதத்தில் குழாய் என்ன விலை விற்கும், லாரி வாடகை எவ்வளவு ஆகும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவர் கணிப்பும் 300 ரூபாய் மேலே, கீழே எங்கு வேண்டுமானாலும் விழலாம். இரண்டு பேர் போட்டியிட்டால், குறைத்துக் கணித்தவர் சராசரியாக 100 ரூபாய் தப்பியிருப்பார். ஐந்து பேர் என்றால் 200. பதினொரு பேர் என்றால் 250. அப்படித் தப்புக்கணக்குப் போட்டவர்தான் எல்1 ஆகிறார். எல்லோரும் ஒரே அளவு லாபம் வைத்திருந்தால், அந்த லாபத்தை இந்தத் தப்பே தின்றுவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் வெல்டரின் வேகம், சொந்தக் கட்டடம், கையில் இருக்கும் ஜிக் (பாகங்களைப் பிடித்து வைக்கும் அச்சு) இவையெல்லாம் உங்களுக்கு மட்டுமே உரிய செலவுகள். இவற்றில் மட்டும்தான் வித்தியாசம், ஒவ்வொருவர் அடக்கமும் 4,000 முதல் 5,000 வரை சமவாய்ப்பில் இருக்கிறது, உங்களுடையது 4,400 என்றால், ஏலக் கணக்கு சொல்லும் ரேட் இது: உங்களையும் சேர்த்து இரண்டு பேர் என்றால் 4,700, மூன்று பேர் என்றால் 4,600, ஆறு பேர் என்றால் 4,500.

ஆக, ஆள் கூடினால் லாபத்தைக் குறைக்க வேண்டும். அதே நேரம் எல்லோருக்கும் பொதுவான செலவுகளின் கணிப்பைக் கூட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் பாதியை மட்டும் செய்கிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ரேட் எழுதும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் உங்கள் கையில் இருக்கும் செலவு, மற்றதில் சந்தையின் கையில் இருக்கும் செலவு. இரண்டாவது பத்தியைச் சுருக்கப் பாருங்கள். ஸ்டீல் வியாபாரியிடம் சப்ளை முடியும் தேதிவரை செல்லும் கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். டெண்டரில் விலை மாறுபாட்டு விதி (மூலப்பொருள் விலை மாறினால் ரேட்டும் மாறும் என்ற விதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயத்துக்கு அதிகம் ஏற்ற வேண்டியதில்லை. ஸ்பெசிபிகேஷனை வரி வரியாகப் படியுங்கள். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமன், 20 கேஜ் என்றால் 0.9. அந்த ஒரு எண்ணைத் தவறாகப் படித்தவர் தகட்டு எடையில் கால் பங்கை விட்டுவிட்டுத்தான் ரேட் போடுவார். சந்தேகம் இருந்தால் ரேட் போடும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்திலேயே (ப்ரீ-பிட்) கேட்டுவிடுங்கள்.

அரசு கொள்முதல் இணையதளமான ஜெம்மில் ரிவர்ஸ் ஆக்‌ஷன் (விலையைக் குறைத்துக்கொண்டே போகும் ஏலம்) என்றால் இன்னும் கவனம் வேண்டும். திரையில் விலை இறங்க இறங்கக் கை தானாகப் பட்டனுக்குப் போகும். இதற்குக் கீழே இல்லை என்ற விலையை முந்தின நாளே எழுதி வையுங்கள். ஆர்டர் கிடைத்தபின் பின்வாங்கினால் முன்வைப்புத் தொகை போய்விடலாம், தடைப் பட்டியலிலும் பெயர் ஏறலாம்.

மத்திய அரசுத் துறை, பொதுத்துறை நிறுவன டெண்டர் என்றால் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒரு சலுகை உண்டு. எல்1 அந்தப் பிரிவில் வராதவராக இருந்து, உங்கள் ரேட் அவருடையதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அவர் விலைக்கு இறங்கி ஆர்டரில் ஒரு பங்கைக் கேட்கலாம். அவர் 4,500 போட்டால் 5,175 வரை உங்களுக்கு வாய்ப்பு. அவர் விலையைப் பார்த்தபின் கட்டுபடியாகுமா என்று முடிவெடுக்கலாம். எனவே இந்த டெண்டர்களில் பயந்து அடிமட்ட ரேட் போட வேண்டாம்.

"இந்தமுறை நீ டம்மி போடு, அடுத்தமுறை உனக்கு" என்று யாராவது வந்தால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி அது குற்றம். அபராதம், அது நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும், லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். இப்படிப் பேசிவைத்து ஏற்றும் கூடுதல் விலை பள்ளிக்கூடத்துப் பணத்திலிருந்துதான் போகிறது. அதே தொகைக்கு வந்திருக்க வேண்டிய டெஸ்க்குகள் குறையும்போது சில பிள்ளைகள் தரையில் உட்கார நேரும்.

விலைப்புள்ளி திறந்ததும் எல்1 முதல் கடைசி வரை எல்லா ரேட்டையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நீங்கள் எல்1 ஆகி, எல்2 பத்து இருபது ரூபாய் தள்ளி இருந்தால் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம். 400 ரூபாய் தள்ளி இருந்தால் அன்று இரவே அந்த இரண்டாவது பத்தியை எடுத்துத் திரும்பக் கூட்டிப் பாருங்கள்.