டி.பி.எஃப். லைட் எரிகிறது: பிக்கப்பை வைத்துக்கொள்வதா, விற்பதா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தக்காளி, முருங்கை ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவதுதான் பிழைப்பு. 2023 கடைசியில் பி.எஸ்.6 டீசல் பிக்கப் எடுத்தேன். நானேதான் ஓட்டுகிறேன், 61,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொஞ்ச மாதமாக டி.பி.எஃப். லைட் எரிகிறது, மேட்டில் இழுவை இல்லை. கம்பெனி சர்வீஸில் இரண்டு தடவை லேப்டாப் மாட்டிச் சுத்தம் செய்தார்கள். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது டி.பி.எஃப்.பையே மாற்ற வேண்டும், 1 லட்சத்து 40 ஆயிரம் ஆகும், வாரன்டியில் வராது என்கிறார்கள். பட்டறைக்காரர் ஒருவர் 28,000 கொடுத்தால் ‘கட்’ பண்ணிவிடுகிறேன், ஜென்மத்துக்கும் லைட் வராது என்கிறார். புரோக்கரோ இதைத் தள்ளிவிட்டு பி.எஸ்.4 வண்டி எடுக்கச் சொல்கிறார். டியூ இன்னும் பாக்கி இருக்கிறது. வைத்துக்கொள்ளவா, விற்கவா?

பதில்: இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தையும் கொடுக்காதீர்கள், இருபத்தெட்டாயிரத்தையும் கொடுக்காதீர்கள். மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். மூவரில் ஒருவராவது வண்டி ஏன் அடைக்கிறது என்று கேட்டாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

டி.பி.எஃப். என்பது சைலன்சருக்கு முன்னால் இருக்கும் ஒரு டப்பா. உள்ளே தேனடை மாதிரி நுண்ணிய துளைகள் உள்ள ஒரு கட்டி. எஞ்சின் கக்கும் கரியை அது பிடித்து வைக்கும். கரி ஓரளவு சேர்ந்ததும் எஞ்சினே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக அடித்து, டப்பாவை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். ரீஜென் என்று சொல்வது இதைத்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.4 போய் பி.எஸ்.6 என்ற கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10-க்கு இறங்கியதே, அது இந்த மாதிரி சாதனங்கள் கெடாமல் இருக்கத்தான். 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்து, வண்டி தன்னைத் தானே கண்காணிப்பதும் கடுமையானது. உங்களுடையது அதற்குப் பிறகு வந்த வண்டி. சின்னக் குறைக்கும் லைட் போடும்.

டப்பாவில் சேர்வது இரண்டு. கரி எரியும். எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. சாம்பல் நிறைந்தால்தான் டப்பாவைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டியிருக்கும். சரியான ஆயில் ஊற்றிய வண்டியில் 61,000 கி.மீ.க்குள் சாம்பல் நிறைவது அபூர்வம். ஆக உங்களுக்கு அடைப்பது கரி. கரி அதிகமாக வருகிறது, அல்லது வருகிற கரி எரியாமல் நிற்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டப்பா போட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும். சர்வீஸ் சென்டர் ஆளுக்கு இது தெரியாமல் இல்லை. பாகத்தை மாற்றினால் பில் வரும், காரணத்தைத் தேடினால் நேரம் போகும்.

முதலில், எஞ்சின் உரிய சூட்டுக்கு வரும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். மோட்டார் சர்வேயராக நான் பார்த்த வண்டிகளில் இது இல்லாதவை எத்தனையோ. ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு’ என்று கழற்றிக் குப்பையில் போடுவது நம் பட்டறைகளில் இரண்டு தலைமுறைப் பழக்கம். பழைய வண்டிகள் அதைப் பொறுத்துக்கொண்டன. பி.எஸ்.6 பொறுக்காது. எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவில்லையென்றால் கம்ப்யூட்டர் ரீஜெனைத் தொடங்கவே விடாது. போன கோடையில் ஒரு பால் வண்டி வந்தது. டப்பாவை ஒருமுறை மாற்றிவிட்டார்கள், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வையும் மாற்றிவிட்டார்கள், உரிமையாளர் நகையை அடகு வைத்திருந்தார். ஸ்கேனரில் கூலன்ட் சூட்டைப் பார்த்தால் அரை மணி ஓடியும் 62 டிகிரியைத் தாண்டவில்லை. எப்போதோ ரேடியேட்டர் வேலைக்கு விட்ட இடத்தில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அதைத் திரும்பப் போட்டதோடு வேலை முடிந்தது. நகை திரும்பியதா என்று நான் கேட்கவில்லை.

அடுத்து, டப்பாவின் முன்னும் பின்னும் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சாரும், அதற்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களும். குழாய் வெடித்திருந்தாலோ கரி அடைத்திருந்தாலோ அடைப்பு அளவு தப்பாகத் தெரியும். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்த வித்தியாசம் சுழி காட்ட வேண்டும். ஓடாத எஞ்சினில் அழுத்தம் காட்டினால் பொய் சொல்வது சென்சார்தான், டப்பா இல்லை. இரண்டும் சரியாக இருந்தால் அப்புறம் இன்ஜெக்டர், ஈ.ஜி.ஆர்., டர்போவில் ஆயில் கசிவு என்று போக வேண்டும். அது நல்ல டீசல் மெக்கானிக்கின் வேலை, இங்கே எழுதிப் புரிய வைக்க முடியாது. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுதான்: கரி அளவு, சாம்பல் அளவு, கடைசியாக ரீஜென் முடிந்து எத்தனை கி.மீ. ஆயிற்று, கூலன்ட் சூடு இவ்வளவும் தெரியும் ஸ்கேன் ரிப்போர்ட். அது இல்லாமல் ‘டி.பி.எஃப். போயிடுச்சு’ என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்றைக்கே நீங்களே செய்யக்கூடியது, ஆயில் குச்சியை இழுத்துப் பார்ப்பது. மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருந்து, மோந்தால் டீசல் வாடை அடித்தால் உடனே ஆயிலை மாற்றுங்கள். ரீஜென் பாதியில் நின்று நின்று போகும்போது எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் கூடியிருக்கிறதே, நல்லதுதானே என்று நினைக்கிறவர்கள் உண்டு. நீர்த்துப்போன அந்த ஆயிலில் ஓட்டினால் டர்போ போகும், பேரிங் போகும். புதிதாக ஊற்றும்போது வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் குறியீடு உள்ள ஆயிலையே ஊற்றுங்கள். பழைய வண்டிகளுக்கு டிரம்மிலிருந்து பிடித்து ஊற்றும் சரக்கில் சாம்பல் அதிகம்.

இனி ஓட்டும் முறை. உங்கள் விஷயத்தில் பாதி வினை இங்கேதான் என்பது என் ஊகம். தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், அங்கே அணைத்துவிட்டு ஏற்றுவது, மார்க்கெட்டுக்குள் முதல் கியரில் ஊர்வது, மறுபடி அணைப்பது. டப்பா சூடேறவே நேரமில்லை. சூடேறித் தொடங்கினாலும் நீங்கள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை, எஞ்சின் சூடான பிறகு பழனி ரோட்டிலோ திண்டுக்கல் ரோட்டிலோ அரை மணி நேரம், நிற்காமல், 2,000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல் ஒரு கியர் கீழேயே வைத்து ஓட்டுங்கள். டீசல் கால் டேங்குக்கு மேல் இருக்கட்டும், ரிசர்வில் இருந்தால் பல வண்டிகள் ரீஜென் செய்யாது. ஐடிலில் ஆர்.பி.எம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி, ஃபேன் சத்தமாகச் சுற்றி, சூட்டு வாடை வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்போது அணைக்காதீர்கள். அந்த நேரத்தில் காய்ந்த சோளத்தட்டை, வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவும் செய்யாதீர்கள். அடியில் இருப்பது அடுப்பு. லைட் சிமிட்டுகிற அளவுக்கு அடைத்துவிட்டிருந்தால் ஓட்டிச் சரியாகாது, முதலில் சர்வீஸில் ஒரு ரீஜென் போட்டுவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

இதையெல்லாம் வண்டி விற்ற அன்றே சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஷோரூம்காரர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட ஓட்டம் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, போட்டோ எடுத்து அனுப்ப நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. கையேட்டைத் தமிழில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றும் தெரியவில்லை.

சரி, ‘கட்’ விஷயத்துக்கு வருகிறேன். டப்பாவை அறுத்து, உள்ளே இருக்கும் கட்டியை இடித்து எடுத்துவிட்டு, காலி டப்பாவை வெல்டிங் வைத்து மாட்டுவார்கள். எஞ்சின் கம்ப்யூட்டரில் வேறு புரோகிராம் ஏற்றி லைட்டை அடக்குவார்கள். வண்டி பறக்கிற மாதிரி இருக்கும், முதல் மாதம் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். அவர் ஏற்றுவது எங்கிருந்தோ இறக்கிய ஃபைல். வேறு மாடல் ஃபைலை ஏற்றி, டீசல் அதிகமாக அடித்து, பிஸ்டன் உருகி வந்த வண்டியை நான் சர்வே செய்திருக்கிறேன். டர்போவில் ஆயில் கசிவு இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும், எச்சரிக்கத்தான் இனி லைட் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. புகை விதியை மீறியதற்கு 190-இல் 10,000 வரை தனி. அறுத்தவர் மேல் வராது, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மேல்தான் வரும். வாரன்டியும் அன்றோடு சரி. நாளைக்கே வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய நீங்களே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்ததாகும்.

‘புகை சர்டிஃபிகேட் நான் வாங்கித் தருகிறேன்’ என்றும் பட்டறைக்காரர் சொல்லியிருப்பார். வாங்கித் தருவார்தான். அந்தப் பரிசோதனையில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் கருமையை மட்டும். வண்டியே வராமல் சான்றிதழ் வந்த கதைகளும் ஊரறிந்தவை. அரசாங்கம் கம்பெனிகளுக்கு அவ்வளவு கடுமையான விதியைப் போட்டுவிட்டு, ரோட்டில் அதைச் சோதிக்க இந்த ஓட்டை மெஷினை வைத்திருக்கிறது. கட் பட்டறைகள் செழிக்காமல் என்ன செய்யும்?

பி.எஸ்.4 யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2018-இல் போட்ட உத்தரவுப்படி 2020 ஏப்ரல் 1 முதல் புது பி.எஸ்.4 வண்டி விற்பனையே கிடையாது. ஆகவே உங்களுக்குக் காட்டப்போகிற வண்டி எதுவாக இருந்தாலும் அதற்கு முந்தியது. எட்டு வயதைத் தாண்டிவிட்டால் சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். டி.பி.எஃப். இல்லாத வண்டி என்பதற்காகவே அதற்கு விலையும் ஏற்றிச் சொல்வார்கள். அடுத்தவர் தேய்த்து முடித்த இன்ஜெக்டருக்கும் கிளட்சுக்கும் நீங்கள் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்?

வாரன்டியில் வராது என்றார்களே, அதை எழுத்தில் கேளுங்கள். வாரன்டி புத்தகத்தில் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் விலக்கு இருக்கிறது என்று கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் பதிலின் தொனியே மாறும். அப்போதும் மறுத்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் ‘இது கமர்ஷியல் வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று சொல்லி வாயடைக்கப் பார்ப்பார்கள். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் சொல்வது பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் வாங்கியவரை விலக்குகிறதுதான். அதே இடத்தில், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரை அந்த விலக்கு தொடாது என்றும் விளக்கம் இருக்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வண்டியையே உதாரணம் காட்டியது. பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். வாங்கி முழுக்க முழுக்க இன்னொருவரை வைத்து ஓட்டுகிறவர் நுகர்வோர் இல்லை. கூடமாட உதவிக்கு ஓரிருவர் இருப்பதால் மட்டும் அந்தத் தகுதி போய்விடாது என்றும் சொன்னது. அதாவது மூட்டை ஏற்ற நீங்கள் ஒரு பையனை வைத்திருந்தால் பரவாயில்லை. ஆனால் இரண்டாவதாக ஒரு வண்டி எடுத்து டிரைவர் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் தோண்டுவார். உங்கள் கடிதத்தில் ‘நானேதான் ஓட்டுகிறேன்’ என்று இருக்கிறது. அதற்கு ஆதாரம் சேர்த்து வையுங்கள்: உங்கள் லைசென்ஸ், மார்க்கெட் ரசீது, டியூ கட்டிய பாஸ்புக், ஒவ்வொரு முறையும் சர்வீஸுக்கு விட்ட ஜாப் கார்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போடுங்கள், காசு செலவில்லை.

எப்போது விற்கலாம்? மேலே சொன்னதெல்லாம் சரிபார்த்து, நெடுஞ்சாலை ஓட்டமும் ஓட்டி, ஒன்றரை மாதம் கழித்தும் லைட் வந்தால். அல்லது வாரம் இரண்டு முறை அரை மணி ஓட்டுவதற்கு உங்கள் பிழைப்பில் இடமே இல்லை என்றால். பத்து கிலோமீட்டருக்குள் சுற்றுகிற வேலைக்கு டீசல் பி.எஸ்.6 பொருந்தாத வண்டி, அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. அந்த நிலையில் பெட்ரோலிலோ சி.என்.ஜி.யிலோ ஓடும் சின்ன பிக்கப்பைப் பாருங்கள். சி.என்.ஜி. என்றால் உங்கள் வழியிலேயே பங்க் இருக்கிறதா, வரிசை எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லோடு கொஞ்சம் குறையும்.

விற்பதானாலும் இதே வண்டியைச் சரிசெய்து, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு விற்பதுதான் லாபம். வாங்க வருகிறவர் விவரமானவராக இருந்தால் சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பார். டி.பி.எஃப். நன்றாக இருக்கும் வண்டியில் விரல் கறுக்காது. அப்புறம், கடன் தீர்ந்து பெயர் மாறும் வரை, தேதியும் பெயரும் போடாத 29, 30-ஆம் நம்பர் பெயர் மாற்றப் படிவங்களில் வெறும் கையெழுத்தைப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் வண்டியைப் பட்டறையில் விட்டுக் கட் பண்ணி, இன்னும் மூன்று பேர் கை மாற்றிவிட்டு, எங்காவது செக்போஸ்ட்டில் மாட்டும்போது கம்ப்யூட்டரில் வருவது உங்கள் பெயராக இருக்கும்.