குவ்வலசெருவு வரைக்கும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 27 வயது. சொந்த ஊர் குடியாத்தம், வேலை ஓசூரில். வரும் ஜனவரி 2ஆம் தேதி வேலூர் கோட்டை வாசலிலிருந்து ஸ்ரீநகருக்குத் தனியாக சைக்கிளில் கிளம்புகிறேன். சித்தூர், கடப்பை, கர்னூல் போய், அங்கே 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, ஜம்மு. சுமார் 3,000 கி.மீ. நாளுக்கு 120 வீதம் 25 நாள். கொண்டுபோகும் 41 பொருட்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். சட்டம் இரும்பில் வாங்கலாமா, அலுமினியத்திலா? பயிற்சி எத்தனை மாதம் வேண்டும்? இப்போது ஞாயிறுதோறும் ஏலகிரியின் 14 வளைவுகளையும் ஏறி இறங்குகிறேன். வேறென்ன தயாரிப்பு தேவை? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். கர்னூல் தாண்டியதும் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். 1988-இல் இதே வழியில் டெல்லிவரை சைக்கிளில் போனவர் நீங்கள் என்று கேள்விப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

க., குடியாத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி மட்டும் இல்லாதிருந்தால் 'இரும்பு வாங்குங்கள், வாழ்த்துகள்' என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். அந்த வரிதான் நான்கு நாளாகத் தூங்கவிடவில்லை. போன மாதம் ஆற்காட்டில் ஒரு விழா. வரவேற்புரை சொன்னவர் உங்களைப் போலவே, '1988-லேயே வேலூரிலிருந்து டெல்லிக்கு சைக்கிள் மிதித்தவர்' என்று என்னை அறிமுகம் செய்தார். கைத்தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் டெல்லிக்குப் போகவில்லை. குவ்வலசெருவு வரைக்கும்தான் போனேன். ராயச்சோட்டி தாண்டி, கடப்பைக்கு இறங்கும் மலைப்பாதைக்கு முன்னால் வரும் ஊர். வேலூரிலிருந்து மூன்றாம் நாள்.

முதலில் உங்கள் கேள்விகள். இரும்புச் சட்டம். உடைந்தால் எந்த ஊரிலும் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும், அலுமினியத்தை ஒட்டவைக்க ஆள் தேட வேண்டும். பயிற்சி, உட்காரும் இடம் காய்த்துப் பழகும் வரை. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், சீட்டை அந்த உயரத்துக்கு வையுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் கையை ஊன்றி ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம், பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவில் சாலை பெஞ்ச் புலிக்காட்டை ஒட்டிப் போகிறது, அங்கே பகலில் மட்டும் ஓட்டுங்கள். போதுமா?

பட்டியலைப் படித்தேன். 41 பொருளில் மூன்று கேமரா பேட்டரிக்கானவை. பஞ்சர் ஒட்டும் சொலூஷன் இல்லை. உங்கள் வண்டியில் இருப்பது மெல்லிய மூக்கு வால்வு, வழியில் இருக்கும் கடைக்காரரின் பம்பு அதற்குச் சேராது, சுண்டுவிரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும், அதுவும் இல்லை. ஸ்போக்ஸ் கம்பி இல்லை. அந்தக் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் நிப்பிள் திருகும் சாவி இல்லை. 3,000-ஐ 120-ஆல் வகுத்து 25 என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் வயிறு கெடாதா? ஒரு நாள் மழை பெய்யாதா? கணக்கு வாத்தியாருக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு தம்பி.

இனி 'நீ' என்றே எழுதுகிறேன், கோபம் வந்தால் எனக்கு மரியாதை வாயில் நிற்காது.

ஜனவரி 2 என்று உன்னிடம் யார் சொன்னது? உன் கணக்குப்படியே பார்த்தாலும் ஆக்ரா, டெல்லி பக்கம் நீ போய்ச் சேரும்போது அங்கே மூடுபனி உச்சத்தில் இருக்கும். பத்தடியில் நிற்கிற லாரி தெரியாது. லாரிக்காரனுக்கு நீ தெரியவே மாட்டாய். அதைத் தாண்டினால், ஜம்முவுக்கு மேலே மலைப்பாதையில், ராம்பனில் மண்சரிவு, பனிஹாலில் பனி. புது வருஷத்தில் கிளம்பினால் படம் நன்றாக வரும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, குவ்வலசெருவு.

அப்போது எனக்கு 22 வயது. வட ஆற்காடு இன்னும் ஒரே மாவட்டமாக இருந்தது, அடுத்த வருஷம்தான் பிரித்தார்கள். பொங்கல் முடிந்து கிளம்பினேன். ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு தகரப் பலகை. தெரு பெயிண்டர் காசு வாங்காமல் எழுதித் தந்தார்: 'வேலூர் – டெல்லி. உலக சமாதானத்துக்காக.' அந்தக் காலத்தில் சைக்கிளில் ஊர் தாண்டினாலே உலக சமாதானத்துக்காகத்தான் தாண்ட வேண்டும். கோட்டை வாசலில் மாலை போட்டார்கள். கேரியரில் படுக்கை, ஸ்டவ், அரிசி, புத்தகம் என்று ஒரு ஆள் கனத்துக்கு மூட்டை.

பள்ளிக்கூட நாளிலிருந்து நான் பழகிய ஒரு சைக்கிள் கடை உண்டு. வாடகை சைக்கிள், மணிக்கு ஐம்பது காசு. கடைக்காரரைத் தெருவே 'பாய்' என்றுதான் கூப்பிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் மூட்டையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கட்டறியே, பின்வீலு தாங்காது தம்பி. ஒரு ராத்திரி வண்டிய வுட்டுட்டுப் போ, கோட்டம் எடுத்துத் தர்றேன்" என்றார். எனக்கு அன்று மாலை வழியனுப்பு விழா. வண்டியை விடவில்லை.

பாய் கோட்டம் எடுப்பதை நீ பார்த்திருக்க வேண்டும். வண்டியைத் தலைகீழாக நிறுத்துவார். சக்கரத்தை மெல்லச் சுழலவிட்டு, ரிம்முக்கு ஓரமாகச் சாக்கட்டியை ஆடாமல் பிடிப்பார். கோணல் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை விழும். பிறகு விரல் நகத்தால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக்கொண்டே வருவார். இழுப்பாக இருக்கும் கம்பி 'டிங்' என்னும். தளர்ந்த கம்பி 'டொக்' என்னும். டொக் சொன்ன கம்பிக்குச் சாவியைப் போட்டுக் கால் திருகு. மறுபடி சுற்று, மறுபடி சுண்டு. முறுக்கிக் கட்டின கம்பிதான் உடையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாய் சொல்வது நேர்மாறு. தளர்ந்த கம்பிதான் உடையும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது தரைக்கு வரும் கம்பி கொஞ்சம் தளர்ந்து, மேலே போகையில் மறுபடி இழுபடுகிறது. நல்ல இழுப்பில் இருந்தால் தளர்ந்தாலும் பிடி விடாது. ஏற்கெனவே லொடலொடவென்று இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அந்த மாதிரி, கழுத்து வளைவில் ஒடிந்துவிடும். ஆளும் மூட்டையும் சேர்ந்து உட்காருவது பின்சக்கரத்தில். அதில் ஒடிவது பெரும்பாலும் செயின் இருக்கும் பக்கம். அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்ற வேண்டுமானால் செயின் சுற்றும் பல்சக்கரமான ஃப்ரீவீலையே கழற்ற வேண்டும். அதற்குத் தனிச் சாமான் வேண்டும். உன் 41-இல் அது இருக்கிறதா? இல்லை. ட்ரைபாட் இருக்கிறது.

சித்தூர், பீலேரு, ராயச்சோட்டி. இன்று அது ராணிப்பேட்டையிலிருந்து கர்னூல் போகும் 40ஆம் எண் நெடுஞ்சாலை. அன்று வெறும் கடப்பை ரோடு. மூன்றாம் நாள் வெயில் தாழ்ந்து ராயச்சோட்டியை விட்டேன். ஏற்றத்தில் எழுந்து மிதித்தபோது பின்னால் ஒரு 'டிங்'. சக்கரம் ஆடி ஃபோர்க்கில் உரச ஆரம்பித்தது. தள்ளிக்கொண்டே குவ்வலசெருவு சேர்ந்தேன்.

'கம்பி உடைந்தது, திரும்பி வந்துவிட்டேன்.' வீட்டில் இப்படித்தான் சொன்னேன். என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இன்றுவரை தெரிந்த கதை இதுதான். கதையில் பொய் எதுவும் இல்லை. ஒரு அரை மணி நேரம்தான் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஊரில் புளியமரத்தடியில் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஃப்ரீவீலைக் கழற்றி, புதுக்கம்பி போட்டு, கோட்டம் எடுத்து, அரை மணி நேரத்தில் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டார். மூன்று ரூபாய். அங்கிருந்து கடப்பை வரை இறக்கம்தான். மிதிக்கக்கூட வேண்டாம்.

நான் போகவில்லை. மணி ஆறு. ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வீடுகளில் விளக்கு வைத்தார்கள். யாரோ அடுப்பில் மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்தார்கள். எதிர்வீட்டில் ஒரு குழந்தையைச் சோறு தின்ன அதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று காலையிலிருந்து, அந்தக் கடைக்காரரிடம் விலை கேட்டதைத் தவிர, நான் வாய் திறந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. திண்ணைக்குச் சொந்தக்காரக் கிழவி வந்து, "ஏ ஊரு நாயனா?" என்றாள். எனக்குத் தெலுங்கு தெரியும். வேலூர்க்காரனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? வேலூரு என்று சொன்னால் போதும். தொண்டை அடைத்துக்கொண்டது. அழுதுவிடுவேன் என்று தெரிந்ததும் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன்.

மறுநாள் காலை ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புக்கு உப்புத்தோல் ஏற்றிப்போன ஒரு லாரியைக் கை காட்டினேன். சைக்கிள் தோல் மூட்டைகளின் மேல். நான் டிரைவர் பக்கத்தில். அந்த நாற்றம் உனக்குச் சொல்லத் தேவையில்லை, பேரணாம்பட்டு உனக்குப் பக்கம்தானே. மாலையும் தகரப் பலகையுமாக மூன்று நாளில் தெருவுக்குள் எப்படிப் போவது? உன் ஊருக்குத்தான் வந்தேன், குடியாத்தத்தில் என் அத்தை வீட்டுக்கு. பதினோரு நாள் மாடியிலேயே ஒளிந்திருந்தேன். பிறகு வேலூர் திரும்பியபோது எதிர்வீட்டுக்காரர், "இன்னாடா, டெல்லி பாத்துட்டு வந்துட்டியா?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை தம்பி, சும்மா சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் வளர்ந்து வளர்ந்து போன மாதம் பொன்னாடை ஆனது.

தெரிந்துகொண்டவர் ஒருவர் உண்டு. வண்டியை பாய் கடையில் விட்டேன். "கம்பி ஒடைஞ்சிடுச்சு பாய், அதான் பாதியிலயே." அவர் தலைகீழாகப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். துருவேறிய கம்பிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பளபளவென்று தெரிந்தது. சுண்டினார். டிங். இன்னொரு தரம் சுண்டினார். "நல்லாத்தான போட்டிருக்கான்" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மற்ற கம்பிகளைத் திருக ஆரம்பித்தார். அதைப் பற்றி அவர் கடைசிவரை என்னிடம் கேட்டதே இல்லை.

1923-இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி வாலிபர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஏறக்குறைய நாலரை வருஷம் சுற்றி 71,000 கிலோமீட்டரை முடித்தவர்கள் மூவர். ஹக்கிம், பாப்சோலா, பும்காரா. மற்ற மூவர் வழியில் விலகிக்கொண்டார்கள். எனக்கு அந்த மூவரைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள ஆசை. எந்த ஊர், எத்தனை மணி?

ஏலகிரியில் 14 வளைவும் ஏறிவிட்டு மத்தியானம் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டு வீடு திரும்புகிறாய். அதில் தொடை தயாராகும். சாயங்காலம் ஆறு மணிக்கு அது தயார்படுத்தாது. ஒரு வெள்ளிக்கிழமை மூட்டை முழுக்கக் கட்டிக்கொண்டு கிளம்பு. வாணியம்பாடி, ஆலங்காயம், பெரிய தொலைநோக்கி இருக்கும் காவலூர், ஜமுனாமரத்தூர். மறுநாள் போளூர் இறங்கித் தங்கி, ஞாயிறு கண்ணமங்கலம் வழியாக வேலூர். இரண்டு ராத்திரி, தெரிந்தவர் யாரும் இல்லாத ஊர்களில். ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை போனை அணைத்து மூட்டைக்குள் போடு. கேமராவையும்தான், அதனிடம் பேசிக்கொண்டிருப்பது ஆளிடம் பேசுவது ஆகாது. யாரிடமாவது போய், ராத்திரி எங்கே படுக்கலாம் என்று கேள். கேட்க வருகிறதா பார்.

அப்புறம் அம்மா. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனதால்தானே நீங்கள் ஒளிந்துகொள்ள நேர்ந்தது, அதனால்தான் நான் சொல்லவில்லை என்று துள்ளாதே. ஊர் வேறு, அம்மா வேறு. நீ தள்ளிப்போடுவது ஒரு அரை மணி நேரப் பேச்சை. அதற்குப் பயந்துகொண்டு கர்னூல் வரை போகிறவன், பனிஹாலில் எதற்கெல்லாம் பயப்படுவானோ! இந்த வாரம் ஊருக்குப் போனால் சாப்பிட உட்காரும்போது சொல்லிவிடு. அழுவார்கள். அழட்டும். நீயும் பக்கத்தில் இரு.

தேதியை மாற்று. அக்டோபர் முதல் வாரம் காட்பாடியில் சைக்கிளைப் பார்சலில் போட்டு ஜம்முவுக்கு ரயிலேறு, அங்கிருந்து பஸ்ஸில் ஸ்ரீநகர். அங்கே தொடங்கித் தெற்கே மிதித்து வா. அதற்குள் வடக்கே மழை விலகியிருக்கும், பனி இன்னும் கொட்டியிருக்காது. கடப்பை தாண்டும்போது நம் ஊர் அடைமழை பிடித்துக்கொள்ளும், நனைந்துகொண்டே வா, வாடைக்காற்று உன்னை எதிர்க்காது. ஒவ்வொரு சாயங்காலமும் வீடு நூறு கிலோமீட்டர் கிட்டத்தில் வந்திருக்கும். எனக்கு அன்று யாரும் இதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு வண்டியோடு வேலூருக்கு வா, பத்து மணிக்கு முன்னால், வெயில் ஏறினால் எனக்கு முடியாது. பாய் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, அவருடைய நிப்பிள் சாவி என்னிடம்தான் இருக்கிறது. உன் பின்சக்கரத்தைச் சுண்டிப் பார்க்கலாம். செயின் துடைக்கத் துணி கொண்டுவர வேண்டாம். ஒரு பொன்னாடை இருக்கிறது, ஜரிகையை வெட்டிவிட்டால் நன்றாகத் துடைக்கும்.