குகையில் இறங்கிய கிணறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கடலூர் முதுநகர், பொறியியல் மாணவர்): சுண்ணாம்புப் பாறையில் குகை இருக்கும் இடத்தில் ஊடுருவுதிறனை (பாறை தன் வழியே பாய்மத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்ற அளவை) மிகப் பெரிய எண்ணாக வைத்துக்கொண்டு, டார்சி விதியாலேயே எண்ணெய் ஓட்டத்தைக் கணித்தால் என்ன?

பதில்: டார்சி 1856இல் வெளியிட்ட, அழுத்தச் சரிவு கூடக்கூட ஓட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்ற விதி, மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டுப் பெறப்பட்டது. மணல் துகள்களுக்கிடையே பாய்மம் ஊர்ந்து செல்லும் வரையில்தான் அது பொருந்தும். 1 மில்லிமீட்டர் அகல விரிசலுக்கே, அகலத்தின் வர்க்கத்தை 12ஆல் வகுக்கும் கணக்கின்படி, ஏறத்தாழ 84,000 டார்சி (ஊடுருவுதிறனின் அலகு) வருகிறது. சில மீட்டர் அகலக் குகைக்கு அதே கணக்கைப் போட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இராது. குகைக்குள், திறந்த வெளியில் பாய்மம் மெதுவாக ஓடுவதைச் சொல்லும் ஸ்டோக்ஸ் சமன்பாட்டையும் பாறைக்குள் டார்சி விதியையும் எழுதி, இரண்டும் சந்திக்கும் சுவரில் பீவர்ஸ், ஜோசப் ஆகியோர் 1967இல் தந்த வழுக்கு நிபந்தனையை (சுவரோரப் பாய்மம் ஒட்டி நிற்காமல் சற்று வழுக்கிச் செல்லும் என்பதை) சேர்ப்பது ஒரு வழி. ஆனால், சீனத்தின் தாஹே எண்ணெய் வயலைப் போல 5 கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கும் குகையின் சுவர் எங்கே என்று துல்லியமாகக் காட்ட எவராலும் இயலாது. ஆகவே, பாறையில் டார்சியாகவும் குகையில் ஸ்டோக்ஸாகவும் தானே மாறிக்கொள்ளும் பிரிங்க்மன் வகைச் சமன்பாட்டையே நான் விரும்புவேன். கிணற்றின் அழுத்தம் மட்டும் போதுமென்றால் அதுவும் வேண்டாம். ஆழ வேறுபாட்டைக் கழித்தபின் குகை முழுவதற்கும் ஒரே அழுத்தம் என்று கொண்டு, அதை ஒரு தொட்டியாகக் கருதலாம்.

கேள்வி (புதுச்சேரி, லாஸ்பேட்டை): கிணற்றின் அழுத்தச் சோதனையில் குகை எப்படித் தெரியும்?

பதில்: சோதனைக்கு முன்பே தெரிந்துவிடுவதும் உண்டு: துளையிடும் பிட் (துளைமுனை) திடீரெனச் சில மீட்டர் கீழே விழும், துளையிடும்போது உள்ளே விட்ட சேறு திரும்பி வராது. கிணறு குகையையே துளைத்திருந்தால், அழுத்த மாற்றமும் அதன் வகைக்கெழுவும் (நேரத்தின் மடக்கையைப் பொறுத்து அது மாறும் வீதமும்) இரண்டு அச்சிலும் மடக்கை அளவு கொண்ட இரட்டை மடக்கைத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக, சாய்வு 1 உள்ள கோட்டில் நெடுநேரம் செல்லும். கிணற்றுக் குழாயின் கொள்ளளவும் இதே கோட்டைத் தருமாயினும் விரைவில் முடிந்துவிடும். குகை என்றதும் வற்றாத ஊற்று என மகிழ்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்: 10,000 கன மீட்டர் குகையில், ஒரு பார் அழுத்தம் குறைந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விரியும் எண்ணெய் இருந்தால், 10 பார் இறங்கும்போது அது தருவது 10 கன மீட்டர்தான், மீதி எல்லாம் பாறையும் விரிசல்களும் ஊட்டினால்தான் உண்டு. கிணறு குகையைத் தொடாமல் விலகி நின்றால், வாரன், ரூட் ஆகியோரின் 1963ஆம் ஆண்டு இரட்டைப் புரைமை மாதிரியில் (விரிசல்களையும் பாறைத் துளைகளையும் தனித்தனியாகக் கணக்கில் கொள்வது) வருவதுபோல வகைக்கெழுவில் ஒரு பள்ளம் விழலாம். வெறும் விரிசல் வலையும் அதே பள்ளத்தைத் தரும் என்பதால், நில அதிர்வு ஆய்வுப் படத்தைப் பாராமல் அந்தப் பள்ளத்தைக் குகை என்று நான் எழுதமாட்டேன்.

கேள்வி (நெய்வேலி): நம் பகுதிப் போர்வெல்லிலும் இப்படி நேருமா?

பதில்: நேராது. கடலூர் மணற்கல்லில் மணலும் களிமண்ணும் மாறி மாறிக் கிடக்கின்றன. அங்கே டார்சி விதியே போதும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்கும் வேலைக்கும், இறைக்கும் கிணற்றைச் சுற்றி நீரழுத்தம் நேரத்தோடு எப்படிக் குறையும் என்று சொல்லும், தைஸ் 1935இல் தந்த சமன்பாட்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.