நாற்பது கொலை, ஒண்ணும் ஞாபகம் இல்ல

வணக்கம் அக்கா,

நான் ஓசூர்ல வேலை பாக்கறேன். கம்பெனி பஸ்ல போக வர ரெண்டு மணி நேரம் ஆகுது, அதுக்காகவே தீபாவளி போனஸ்ல ஈ-புக் படிக்கிற மெஷின், ஒரு கிண்டில் வாங்கினேன். த்ரில்லர், மர்ம நாவல் மட்டும்தான் படிக்கிறேன். நாலு மாசத்துல நாற்பது முடிச்சுட்டேன், ஆனா எது எந்தக் கதைன்னே குழம்புது. அஞ்சு ஸ்டார் பாத்து வாங்கினா பாதி குப்பை. செம ட்விஸ்ட் இருக்கிற பத்து நாவல் லிஸ்ட் குடுங்க, தமிழ் இங்கிலீஷ் எதுனாலும் ஓகே. அன்லிமிடெட் சந்தா எடுக்கலாமா? டெலிகிராம்ல பிடிஎஃப் நிறைய வருது, அதை ஏத்திக்கலாமா? எங்க அம்மா ஒரு காலத்துல ராஜேஷ்குமார் நாவல் ஒண்ணு விடாம படிப்பாங்க, இப்ப கண்ணு சரியில்லன்னு விட்டுட்டாங்க. வீட்டுல இதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். எனக்கு கைடு பண்ண ஆள் இல்ல.

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள தம்பி,

சில்லறை விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். சந்தா எடுக்கறதும் எடுக்காததும் உங்க பர்ஸ் பாடு, என்னைக் கேக்காதீங்க. ஸ்டாரை நம்பாதீங்க, மாதிரிக்குன்னு சும்மா தர்ற முதல் சில பக்கத்தைப் படிச்சாலே ஆள் எப்படின்னு தெரிஞ்சுடும். டெலிகிராம் பிடிஎஃப் ஆறு இன்ச் திரையில படிக்கவே முடியாது, அந்த தண்டனை உங்களுக்குப் போதும், ஆனா அதை எழுதினவங்க பல பேர் இன்னும் உயிரோட இருக்காங்க, கரண்ட் பில் கட்டறாங்க. போனஸ் காசுல மெஷின் வாங்கத் தெரியுது, உள்ள இருக்கற கதைக்குக் காசு குடுக்க மட்டும் வலிக்குதா? ஓசியில வேணும்னா சட்டப்படியே இருக்கு. நம்ம நாட்டுல எழுத்தாளர் இறந்து 60 வருஷம் ஆனா உரிமை முடிஞ்சுது. ஷெர்லக் ஹோம்ஸ் கதை எழுதின கானன் டாயில் 1930ல போயிட்டார், தாராளமா எடுத்துக்கங்க. மர்மக் கதை எழுதின அகதா கிறிஸ்டி போனது 1976ல, அதனால 2036 முடியற வரைக்கும் அந்தம்மாவுக்குக் காசு குடுத்துத்தான் படிக்கணும்.

சரி, நாலு மாசத்துல நாற்பது, ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உக்காந்தேன். போன மாசம் நானும் 80கள்ல வாரப் பத்திரிகையில வந்த ஒரு தொடர்கதையை, பேரு வேண்டாம், ஈ-ரீடர்ல ஒரே ராத்திரியில படிச்சேன். அத்தியாயம் முடியற இடத்துல எல்லாம் யாராவது கதவைத் தட்டறான், இல்ல போன் அடிக்குது, இல்ல விளக்கு அணையுது. பக்கத்தைத் திருப்பினா பால்காரன். அடுத்த அத்தியாயத்துலயும் தட்டறான், அடுத்ததுலயும் தட்டறான், ஒரு மணி நேரத்துல எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. எழுதினவர் மேல தப்பே இல்ல. அந்தத் தட்டற சத்தம் ஏழு நாள் தாங்கணும்னு எழுதினது அது, நான் ஏழு செகண்ட் கூட குடுக்கல.

எங்க சித்தி ஒருத்தி மன்னார்குடியில இருந்தா. எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டாங்க, ஆனா கொலைக்கதையில அவளுக்கு நிகர் நான் பாத்ததில்ல. வாரப் பத்திரிகை ஒண்ணு வாங்கி நாலு வீடு சுத்தும், கடைசி வீடு படிச்சு முடிச்ச மறுநாள் மத்தியானம் எல்லாரும் எங்க திண்ணையில கூடிடுவாங்க. யாரு கொலைகாரன்? ஆளுக்கு ஒரு பேரு சொல்லணும், காரணமும் சொல்லணும், சித்தி அதை காலண்டர் தாளோட பின்பக்கம் எழுதி வெச்சுக்குவா, அப்புறம் யாரும் மாத்திப் பேசக் கூடாது. அவளுக்குன்னு சட்டமெல்லாம் உண்டு. "இவன் வீட்டுல உக்காந்து நிம்மதியா சாப்பிடற மாதிரி காமிச்சுட்டான்ல, அப்ப இவன் கொலைகாரன் இல்ல. கொலை பண்ணினவனுக்கு எழுதறவன் சோறு போட மாட்டான்"னு சொல்லுவா. நாங்க சிரிப்போம், பாதி சமயம் அது சரியாவும் இருக்கும். மெட்ராஸ்ல பத்திரிகை ஒரு நாள் முன்னாடியே வந்துடும், அதனால அங்கேர்ந்து ராத்திரி பஸ்ல வர்ற சொந்தக்காரங்களை வாசல்லயே நிறுத்தி "கதையைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது"ன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் காபியே குடுப்பா. இதுல உச்சம் என்னன்னா, ஒரு தடவை யாரோ முழுத் தொடரையும் பைண்ட் பண்ணின புஸ்தகம் ஒண்ணைக் கொண்டு வந்து குடுத்தாங்க. சித்தி அதை என் கையில குடுத்து பீரோவுல பூட்டச் சொல்லிட்டா. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், நான்தான் எடுத்துக் குடுக்கணும், கெஞ்சினாலும் ரெண்டாவது குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. கெஞ்சவும் செஞ்சா!

இப்ப சொல்லுங்க, உங்க நாற்பது நாவல்ல ஒண்ணுலயாவது, ஒரே ஒண்ணுலயாவது, நடுவுல நிறுத்தி இவனா இருக்குமோன்னு ஒரு ராத்திரி யோசிச்சீங்களா? யோசிச்சிருக்க மாட்டீங்க. யோசிக்கிறதுக்குள்ள விரல் பக்கத்தைத் தள்ளிடுது. மர்மக் கதையில படிக்கிறவன் வேலை பாக்கற இடமே அந்த இடைவெளிதான் தம்பி. யாரை சந்தேகப்பட்டோம், ஏன் பட்டோம், அது எப்படிப் பொய்யாச்சு, இதுதான் ஞாபகத்துல நிக்கும். சந்தேகமே படாதவனுக்கு எது நிக்கும்? ட்விஸ்ட் ட்விஸ்ட்டுங்கறீங்க, நீங்க ஒரு பக்கம் சாஞ்சு உக்காந்திருந்தாத்தானே எழுதறவன் உங்களை மறு பக்கம் தள்ள முடியும்?

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்ல. வில்கி காலின்ஸ்ங்கற இங்கிலீஷ் எழுத்தாளரோட 'தி மூன்ஸ்டோன்' மர்ம நாவல் 1868ல டிக்கன்ஸ் நடத்தின பத்திரிகையில வாரா வாரம் வந்தது. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல கொள்ளையடிச்ச ஒரு வைரம் இங்கிலாந்துல ஒரு வீட்டுல காணாமப் போகுது. ஸ்ரீரங்கப்பட்டணம் உங்க ஓசூர்லேர்ந்து ஒரு நாள்ல போயிட்டு வர்ற தூரம், நேரம் கிடைச்சா பாருங்க. கதையை ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சொல்லுவாங்க, முதல்ல வர்ற அந்தக் கிழட்டு வேலைக்காரர் எதுக்கெடுத்தாலும் 'ராபின்சன் குரூஸோ' நாவலைப் பிரிச்சு குறி பாக்கறவர். நீளமான நாவல். பஸ்ல மூணு நாள்ல முடிச்சீங்கன்னா உங்களை மன்னிக்க மாட்டேன்.

பாக்கெட் நாவல் விஷயம் வேற. அது பஸ் ஸ்டாண்ட் கடையில வாங்கி இறங்கறதுக்குள்ள முடிக்கிறதுக்குன்னே எழுதினது, ஒரே மூச்சுலதான் படிக்கணும். ராஜேஷ்குமார் நாவல்ல ஒரு அத்தியாயம் ஒரு கதை, அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதைன்னு ஓடும், கடைசியில ரெண்டும் ஒண்ணா வந்து முட்டும். அங்க இடைவெளியை அவரே கதைக்குள்ள வெச்சுட்டார், ஒண்ணைப் படிக்கிறப்போ இன்னொண்ணு காத்துக்கிட்டு இருக்கும். உங்க ரெண்டு மணி நேர பஸ்ஸுக்கு அளவெடுத்து தெச்சது. ஆக, ஸ்டாரைப் பாக்கறதுக்கு பதிலா இது தொடரா வந்ததா, மாத நாவலா வந்ததா, ஒரேடியா புஸ்தகமா வந்ததான்னு பாருங்க. சுஜாதா நாவல் பலது தொடர்தான், அவரோட வக்கீல் கணேஷ் முதல்ல வர்ற 'நைலான் கயிறு' கூட 1968ல குமுதத்துல வந்ததுதான். அதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் படிங்க.

இன்னொண்ணு, எவ்வளவு படிச்சோம்னு கீழ மூலையில ஓடுதே சதவீதம், அதை மொதல்ல அணைங்க. 60 சதவீதத்துல போலீஸ் ஒருத்தனைப் பிடிச்சா அவன் இல்லன்னு குழந்தை கூட சொல்லிடும், அப்புறம் எழுதினவர் உழைச்சு என்ன புண்ணியம்? (சில புஸ்தகத்துல பின்னாடி அடுத்த நாவலோட மாதிரியை ஒட்டி விட்டிருப்பாங்க, 88லயே கதை முடிஞ்சு திருதிருன்னு முழிப்போம், அது நல்லது, அந்தப் பொய்யை நான் ஆதரிக்கிறேன்.) அதே மாதிரி மத்தவங்க அடிக்கோடு போட்டதைக் காட்டற வசதியையும் நிறுத்துங்க. எந்த வரி முக்கியம்னு ஊரே சேர்ந்து காட்டிக் குடுத்தா அதுக்குப் பேரு துப்பறியறதா?

லிஸ்ட் கேட்டீங்க. பத்தெல்லாம் கிடையாது, ஒண்ணு. கானன் டாயிலோட 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. 1901 ஆகஸ்ட்லேர்ந்து 1902 ஏப்ரல் வரைக்கும் மாசா மாசம் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில வந்தது. ரெண்டாவது அத்தியாயம் கடைசி வரியில ஒரு காலடித் தடத்தைப் பத்தி டாக்டர் ஒருத்தர் சொல்லுவார், முதல் மாசம் கதையை அங்க நிறுத்திட்டாங்க. அடுத்தது தெரிய லண்டன்காரன் ஒரு மாசம் காத்துக்கிட்டு இருந்தான். நீங்க ஒரு வாரம் இருக்க மாட்டீங்களா?

படிக்கப் போறது தனியா இல்ல. அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியும்னு எழுதிட்டு அடுத்த வரியிலயே கைடு பண்ண ஆள் இல்லங்கறீங்க, எனக்கு வந்த கோவத்துக்கு அப்பவே லெட்டரை மூடியிருப்பேன். கண்ணு சரியில்லன்னா மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்த மெஷின்ல எழுத்தைப் பெருசாக்கற வசதி இருக்கே, ஒரு பக்கத்துல பத்து வரி வர்ற அளவுக்கு வெச்சு ஒரு பழைய ராஜேஷ்குமாரை அவங்க கையில குடுங்க, ஒரு வாரம் மெஷின் அவங்களோடது, நீங்க பஸ்ல தூங்குங்க. அப்புறம் ஹவுண்டை நீங்க ராத்திரி ரெண்டு அத்தியாயம் படிச்சு தமிழ்ல சொல்லுங்க, அந்தக் காலடித் தடத்தோட நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிடுங்க. திட்டுவாங்க, வாங்கிக்கங்க.

ஒவ்வொரு வாரமும் அம்மா யார் மேல சந்தேகப்படறாங்க, என்ன காரணம் சொல்றாங்கன்னு எனக்கு எழுதணும். உங்க சந்தேகத்தையும் எழுதலாம், ஆனா அதை அப்புறம்தான் படிப்பேன்.