நுங்கு வண்டி எப்படிச் செய்வார்கள்? பெரியவர்கள் ஏன் அதை நினைத்து ஏங்குகிறார்கள்?

சித்திரை, வைகாசியில் நுங்கைத் தோண்டித் தின்றதும், மாட்டுக்குப் போகவேண்டிய வெறும் நுங்குக் கூடுகளில் இரண்டை எடுத்து ஒளித்துவைப்போம். இரண்டும் ஒரே அளவாக இருக்கணும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். ஒரு சாண் குச்சியை இரண்டின் நடுவிலும் குத்தி இணைத்தால் அச்சு தயார். நுனி கவையாகப் பிரிந்த நீளக் கம்பை அச்சின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டியதுதான். திருப்பத்தில்தான் சாமர்த்தியம் தெரியும். கவை நழுவினால் முழங்கால் போச்சு!

ஏக்கம் ஏன் என்றால், என் கணக்கு இது: சில நாளில் கூடு காய்ந்து சுருங்கி, குச்சி லொடலொடத்துவிடும். மறுபடி நுங்கு தின்றால்தான் புது வண்டி. அப்பா திருவிழாவில் வாங்கித் தந்த சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைக் கார் அலமாரியிலேயே கிடந்தது. அதை உடைத்தால் அடி விழும். நுங்கு வண்டிக்கு அந்தப் பயமே இல்லை; அதற்குத்தான் ஏக்கம்.