பன்னிரண்டு ரூபாய் மீட்டர்

கேள்வி: மும்பைக்குப் போய் வந்தேன். அங்கே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் மீட்டர் போடுகிறார்கள். சென்னையிலோ ‘மீட்டருக்கு மேலே போட்டுக் கொடுங்க’ என்று கெஞ்சிய காலமும் போய், வாயில் வந்த தொகையைக் கேட்கிறார்கள். இவர்களை அரசு கண்டிக்காதா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: மீட்டர் என்றீர்களே, முதலில் அதைப் பற்றிப் பேசுவோம். ஆட்டோக்காரர் எங்கேயும் ஓடிவிட மாட்டார்.

அடுத்த முறை ஆட்டோவில் ஏறும்போது அந்தப் பெட்டியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கண்ணாடி மங்கியிருக்கும். அதன் மேல் வண்டி துடைக்கும் துணி தொங்கும். உள்ளே இருப்பது 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கணக்கு: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். காத்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய். அறிவித்த புதிதில் அதிகாரிகள் சாலையில் இறங்கிச் சோதனை செய்தார்கள், மீட்டரும் ஓடியது. 80 கோடி ரூபாய் செலவில் எல்லா ஆட்டோவுக்கும் ஜி.பி.எஸ். மீட்டர் இலவசமாகத் தருவோம், அதிலிருந்து ரசீது அச்சாகி வரும் என்றும் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். நான் ஏறிய எந்த ஆட்டோவிலும் அந்த ரசீதைக் கையில் வாங்கியதில்லை. நீங்கள் வாங்கியிருந்தால் ஒன்றை அனுப்புங்கள், அட்டையிலேயே போடுகிறேன்.

இப்போது உங்கள் மும்பை. அங்கே 2012-இல் மகாராஷ்டிர அரசு அமைத்த ஹக்கீம் குழு ஒரு சூத்திரம் வகுத்துக் கொடுத்தது. எரிபொருள், உதிரி பாகம், வாழ்க்கைச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துக் கட்டணத்தைத் திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சூத்திரம் பிறகு மாறியது. சண்டையும் வழக்கும் வராமல் இல்லை. ஆனால் திருத்துகிற பழக்கம் நின்றுவிடவில்லை. 2022 அக்டோபரில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 23 ரூபாய் ஆனது. 2025 பிப்ரவரி 1 முதல் 26 ரூபாய்.

அதே பிப்ரவரி 1 அன்று சென்னையில் என்ன நடந்தது? அரசு அசையாததைப் பார்த்த ஆட்டோ சங்கங்கள், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று தாங்களே அறிவித்துக்கொண்டன. அது செல்லாது, கூடுதலாக வாங்கினால் நடவடிக்கை என்று போக்குவரத்துத் துறை எச்சரித்தது. சட்டப்படி துறை சொன்னது சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-வது பிரிவு, கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசிடம்தான் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, திறந்தவனைப் பிடிப்பேன் என்றால் என்ன நியாயம்? 2018 ஜனவரியில் இதே மாநில அரசு பஸ் கட்டணத்தை உயர்த்தியது. 2022-இல் சொத்து வரியும் மின் கட்டணமும் உயர்ந்தன. செலவு கூடிவிட்டது என்பதுதான் மூன்றுக்கும் சொல்லப்பட்ட காரணம். ஆட்டோக்காரர் வீட்டில் மட்டும் செலவு கூடாதா?

ஆறு கிலோமீட்டர் சவாரிக்குக் கணக்குப் போடுங்கள். சென்னை மீட்டரில் 75 ரூபாய் 40 காசு. மும்பையின் 2025 கட்டணத்தில் ஏறக்குறைய 103. அதே ஆண்டு ஆகஸ்டில் திருத்திய பெங்களூரில் 108. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்றால் சென்னை மீட்டர் கூடுதலாகத் தருவது 21 ரூபாய். அந்த மீட்டரைப் போடு என்று எந்த முகத்தோடு கேட்பது?

இதை எழுதியதும் ‘சங்கத்தின் கையாள்’ என்று எனக்குக் கடிதம் வரும். வழக்கமாக எழுதும் அன்பர்கள் இந்த முறை இன்னொரு மீட்டரையும் சேர்த்துக் கண்டிக்க வேண்டும். மீட்டர் போல ஏறிக்கொண்டே போகும் கடன் வட்டி, அந்த மீட்டர் வட்டியைத்தான் சொல்கிறேன். 2003-இல் தமிழ்நாட்டில் வந்த அநியாய வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, அன்றாடம் வசூலிக்கும் தண்டல் ஆகியவற்றோடு மீட்டர் வட்டியையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனாலும் காலையில் வண்டியை எடுக்கும்போதே நாள் வாடகையோ தண்டலோ பலர் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் என்று வரும்போது இன்னொரு கடன். வங்கி வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பப்படுகிறவரிடம் தண்டல்காரர் மட்டும் தேடி வந்து பணம் நீட்டுகிறார். இதை இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, இருந்தாலும் விடப்போவதில்லை.

கைபேசிச் செயலியில் வண்டி பிடித்துக்கொள்கிறேன், எனக்கென்ன என்கிறீர்களா? மழை பிடித்ததும் அங்கே கட்டணம் ஏறுகிறதே, அதற்கு ஒரு வரம்பு உண்டு. 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி அடிப்படைக் கட்டணத்தைப் போல இரு மடங்கு வரை போகலாம். அந்த அடிப்படையை மாநில அரசு அறிவிக்க வேண்டும். அது காலத்துக்கு ஒவ்வாததாக இருந்தால் இரு மடங்கு என்ற வரம்புக்கும் மதிப்பில்லை. ஆட்டோவோ கால் டாக்ஸியோ, எதில் ஏறினாலும் நீங்கள் கேட்பாரற்றவர்தான்.

கண்டிக்காதா என்று கேட்டீர்கள். நிச்சயம் கண்டிக்க வேண்டும். இரவில் குழந்தையோடு எழும்பூரில் இறங்கும் பெண்ணிடம் மூன்று மடங்கு கேட்பவருக்கு என்னிடம் எந்தச் சலுகையும் இல்லை. அரசு இந்த ஆண்டு நியாயமான கட்டணத்தை அறிவிக்கட்டும். ஆண்டுதோறும் இன்ன மாதத்தில் திருத்துவோம் என்று அதே ஆணையில் எழுதட்டும். மீட்டரைத் திருத்தி முத்திரையிட இரண்டு மாதம் கொடுக்கட்டும். அதன் பிறகும் மீட்டர் போட மாட்டேன் என்பவரின் பெர்மிட்டில் கை வைக்கட்டும். வண்டி எண்ணை எழுதி அனுப்புகிறவர்களில் நானும் இருப்பேன்.